ஒரு நம்பர் தள்ளி

இப்போதெல்லாம் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. முன்பு என்றால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோ நாலு சாத்துக்குடியோ வாங்கிக்கொண்டு வருவார்கள். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "சாப்பிட்டாகளா, தூங்குறாகளா" என்று கேட்பார்கள். நாம் பார்க்கிற வைத்தியரை மட்டம் தட்டிவிட்டு, தங்களுக்குத் தெரிந்த வைத்தியரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதுவும் தொல்லைதான். ஆனால் மனிதர்கள் கொடுக்கிற தொல்லை. இப்போது வருகிறவன் செருப்பைக் கழற்றும்போதே "இன்னைக்கு வாயத் தொறந்தாகளா" என்கிறான். அப்புறம் செல்போனை எடுத்து, மைக் பிடிக்கிற மாதிரி என் அண்ணன் வாய்க்கு நேராக நீட்டுகிறான்.

என் அண்ணன் ரெங்கசாமி பஸ் கண்டக்டராக இருந்தவர். புதுக்கோட்டையிலிருந்து நார்த்தாமலை, கீரனூர் வழியாகக் குளத்தூர் போகிற தனியார் பஸ். முதலாளி மாறினார், டிரைவர்கள் மாறினார்கள், அண்ணன் மாறவில்லை. காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துத்தான் போடுவார். டிக்கெட் வாங்காமல் ஒருவரும் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதில்லை. ஒருமுறை நான் காசில்லாமல் ஏறிவிட்டேன். சட்டைப் பையிலிருந்து தன் காசை எடுத்துத் தோல்பையில் போட்டு, டிக்கெட்டைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். தம்பி என்று முகத்தில்கூடக் காட்டவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிப் பிழைத்தவன். எவனையும் எளிதில் நம்பமாட்டேன். நான் நம்பிய ஆட்களை எண்ணினால் அண்ணன் ஒருவர்தான் தேறுவார்.

கொஞ்ச வருடமாக அவருக்கு நினைவு கலைந்துபோய்விட்டது. அண்ணி உயிரோடு இல்லை. ஒரே மகள் மணிமேகலை புதுக்கோட்டையில் கணக்கு டீச்சர். அவள் வாடகைக்கு இருந்தது மாடி வீடு. அண்ணனால் படி ஏற முடியாது. "நான் வச்சுப் பாத்துக்கறேன்" என்று நானே கேட்டு அவரை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவள் அரைமனதாகத்தான் விட்டாள்.

"சித்தப்பா, அப்பாவுக்கு ஆளு அடையாளம் தெரியாமப் போகலாம். ஆனா மானமா இருந்த மனுசன். அத நீங்கதான் காப்பாத்திக் குடுக்கணும். முடியலேன்னா ஒரு போன் போடுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போயிருறேன்."

"எங்கண்ணன நான் பாக்காம வேற யாரு பாக்குறது? நீ போ ஆத்தா" என்றேன். எனக்கு வாய் பெரிசு.

அண்ணனுக்கு என் பெயர் மறந்துபோயிற்று. சாப்பிட்டது மறந்துபோயிற்று. பஸ் மட்டும் மறக்கவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு, விடிந்ததிலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டிருப்பார். "நார்த்தாமல ஒண்ணு, ரெண்டு எண்பது. குளத்தூரு ரெண்டா? சில்லரையாக் குடுங்க. உள்ள போங்க, உள்ள எடம் கெடக்கு." எல்லாம் எந்தக் காலத்திலோ செத்துப்போன டிக்கெட் விலை. நானும் என் வீட்டுக்காரி சொர்ணவல்லியும் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். சுவர்க் கடிகாரச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

வினை கொத்தனார் ரத்தினவேல் உருவத்தில் வந்தது. அண்ணனுக்குக் கால் தூக்கி வைக்க முடியவில்லை என்று கக்கூஸ் படியைத் தணித்துக் கட்ட அவனைக் கூப்பிட்டிருந்தேன். அவன் சாந்து குழைத்த நேரமெல்லாம் அண்ணன் "ரெண்டு எண்பது, ரெண்டு எண்பது" என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். லாட்டரிச் சீட்டை அரசாங்கம் நிறுத்தி வெகு காலமாகிறது. நின்றது கடையில் தொங்கிய சீட்டு மட்டும்தான். வெளி மாநிலக் குலுக்கலில் விழுகிற எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தை முன்கூட்டிச் சொன்னால் பணம் என்று மறைவாக ஓர் ஆட்டம் ஓடுகிறது. எங்கள் ஊரில் அதை நடத்துகிறவன் வெற்றிசெல்வன். வெளியிலிருந்து பார்த்தால் செல்போன் ரீசார்ஜ் கடை. ரத்தினவேல் சாந்துக் கையோடு போய் 280 கட்டியிருக்கிறான். விழுந்துவிட்டது.

மறுநாள் புது வேட்டியும் மாலையுமாக வந்து அண்ணன் காலில் விழுந்தான்.

"இவுக சாதாரண ஆளு இல்ல மாமா. வாக்கு எறங்கியிருக்கு."

"டேய், அது பழைய டிக்கெட் வெலடா. கல்லையும் மண்ணையும் கொழச்சு ஒனக்கு மூளையும் கொழம்பிப்போச்சு."

"பக்கத்துலயே இருக்கறவுகளுக்குத் தெரியாது மாமா. வெளக்குக்கு அடியிலதான இருட்டு."

அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் எங்கள் தெரு, பிறகு கீரனூர், பிறகு குடுமியான்மலையிலிருந்து வேன் பிடித்துக்கூட வந்தார்கள். ஒரே வார்த்தையை ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்கள். "நார்த்தாமல ஒண்ணு" என்றால் ஒன்றைக் கூட்ட வேண்டும் என்றான் ஒருவன், முன்னால் போட வேண்டும் என்றான் இன்னொருவன். அண்ணன் இருமினால் கழித்தல். ஒருநாள் "நாலு இருவது" என்றார். "பெரியவரே, நம்மளயெல்லாம் பாத்தா அப்படியா தெரியுது" என்று கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டுப் போய் எல்லாரும் 420 கட்டினார்கள்.

சொர்ணவல்லிதான் ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள். "மூத்தவுகளுக்கு அம்புட்டு வாக்கு இருந்தா, தாலி கட்டுன அக்கா சாகப்போற நாள மொதல்ல சொல்லியிருக்க மாட்டாகளா?" கூட்டத்தில் ஒருவன், "அக்கா எறந்தது என்ன தேதி?" என்று கேட்டான்.

நான் விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை. அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்ட நாலு கை கிடைத்தது. ஒருவன் வாராவாரம் வந்து சவரம் செய்துவிட்டான். அதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். இன்னொன்றும் உண்டு. டீக்கடையில் எனக்கு எழுந்து இடம் விட்டார்கள். நான் சொன்னால் கேட்டார்கள். ஆயுசு முழுக்கச் சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்தவனுக்கு அது பிடித்திருந்தது.

பங்குனியில் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. பேச்சில்லாமல் கண்ணை மூடிக் கிடந்தார். பேச்சில்லை என்றால் நம்பர் இல்லை. வந்தவர்கள் கட்டிலைச் சுற்றிக் காத்திருந்தார்கள். அதில் ஒருவன் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து அவர் காதருகே ஊதினான். அண்ணன் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்து, "ரைட், போலாம்" என்றார். கண்ணில் பீளை, வாயோரம் எச்சில். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அந்த விசில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியிலேயே தொங்கியது.

நார்த்தாமலை மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊரே போயிருந்தது. சொர்ணவல்லியும் போய்விட்டாள். காய்ச்சல் விட்டு அண்ணன் அசந்து கிடந்தார். வீட்டில் நானும் அவரும்தான். இதெல்லாம் பொய் என்று எனக்குத் தெரியும். பொய் என்று கண்ணால் பார்த்து நிரூபித்துவிட்டால் இவர்களை ஒரேயடியாக விரட்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விசிலை எடுத்து ஊதினேன். மெதுவாகத்தான் ஊதினேன். "மூணு நாப்பது, ஒண்ணு" என்றார்.

வெற்றிசெல்வன் என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"தாத்தா, நீங்களா? போற வாரவுகள எல்லாம் இதுக்காகத் திட்டுவீகளே."

"பொய்யின்னு காட்டத்தான்டா கட்டுறேன். முன்னூத்தி நாப்பது."

"எல்லாரும் மொத தடவ அப்படித்தான் தாத்தா சொல்றாக" என்றான். சிரிக்கக்கூட இல்லை. மருந்துக்கடைக்காரன் சொல்கிற மாதிரி சொன்னான்.

சாயங்காலம் அவனே போனைத் திருப்பிக் காட்டினான். விழுந்தது 341.

"ஒரே ஒரு நம்பர் தள்ளிப்போச்சே தாத்தா."

எங்கேயோ தூரத்தில் விழுந்திருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பேன். ஒன்று தள்ளி விழுந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு நடந்து வரும்போதே உறைத்தது. அண்ணன் "மூணு நாப்பது" என்று நிறுத்தவில்லை. "மூணு நாப்பது, ஒண்ணு" என்றார். அந்த ஒன்றை நான்தான் சேர்க்காமல் விட்டேன். அது ஒரு டிக்கெட் என்கிற ஒண்ணு என்று என் வாயாலேயே ரத்தினவேலிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை. அவர் சரியாகச் சொன்னார், நான் தவறாகக் கேட்டேன் என்றே தோன்றியது. ஊரில் மற்றவர்கள் இத்தனை நாளும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் சொர்ணவல்லி ரேஷன் கடைக்குப் போனாள். அண்ணன் சோறு உண்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் விசிலை எடுத்துப் பலமாக ஊதினேன்.

எழுந்து உட்காருவார் என்று நினைத்தேன். அவர் கட்டிலை விட்டே இறங்கிவிட்டார். ஒரு கையை மேலே தூக்கி இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆட்களை விலக்குகிறவர் மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து என்னிடம் வந்தார்.

"எங்க போகணும்?"

என்னைத்தான் கேட்டார். "குளத்தூரு" என்றேன்.

"எத்தன?"

"ஒண்ணுங்க."

இடுப்பில் தோல்பையைத் தேடினார். அங்கே பையேது? வேட்டி முடிச்சுதான் இருந்தது. அதைப் பையென்று நினைத்து இழுத்தார். வேட்டி அவிழ்ந்து காலடியில் விழுந்தது. அவருக்கு அது தெரியவில்லை. அம்மணமாக நின்றுகொண்டு, டிக்கெட் கிழிக்க விரலை நாக்கில் தொட்டு ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். அந்தக் காக்கிச் சட்டையில் ஒரு சுருக்கம்கூட விழவிடாத மனிதர்.

குனிந்து வேட்டியை எடுத்துக் கட்டிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. நம்பரைச் சொல்லட்டும், அப்புறம் கட்டிவிடலாம் என்று நின்றேன். அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் நம்பர் சொல்லவில்லை. டிரைவர் பிரேக் போட்ட மாதிரி முன்னால் சாய்ந்தார். என் கைக்குச் சிக்காமல், நெற்றி கட்டில் காலில் இடிக்க விழுந்தார். நிமிர்ந்தால் வாசற்படியில் மணிமேகலை. திருவிழாவுக்கு மறுநாளும் பள்ளிக்கூடம் லீவு என்று அப்பாவைப் பார்க்க வந்திருக்கிறாள். எப்போதிருந்து அங்கே நின்றாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. விசில் என் கையில் இருந்தது.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. உள்ளே வந்து முதலில் வேட்டியை எடுத்துத் தன் அப்பாவுக்குச் சுற்றினாள். "அப்பா, எந்திரிங்க. ஸ்டாப்பு வந்துருச்சு" என்றாள். அவர் சொன்னபடி கேட்டு எழுந்தார். கீரனூரில் டாக்டர் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, வீக்கம்தான் என்றார். போக வர வாடகைக் காரில் எனக்கும் அவளுக்கும் நடுவே அண்ணன் உட்கார்ந்து, ஓரமாக உட்காரச் சொல்லி இருவரையும் அதட்டிக்கொண்டே வந்தார்.

திரும்பி வந்ததும் அவருடைய துணிமணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். "கீழ் வீடு ஒண்ணு பாத்துட்டேன் சித்தப்பா. அதச் சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன். அடுத்த மாசம்னு இருந்தேன். இப்பவே கூட்டிட்டுப் போயிருறேன்."

சொர்ணவல்லி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

சேதி தெரிந்து ரத்தினவேலும் இன்னும் பலரும் வாசலில் கூடிவிட்டார்கள். "டீச்சர், போறதுக்கு முன்னாடி அவுக வாயால ஒண்ணே ஒண்ணு" என்றான் ரத்தினவேல்.

அவள் பையை வைத்துவிட்டு வெளியே வந்தாள். "சரி. இன்னைக்குக் காலையில எங்கப்பா என்ன சொன்னாக? வந்தவுக எல்லாரும் சொல்லுங்க."

ஒருவன் 312 என்றான். ஒருவன் 123 என்றான். பின்னாலிருந்து ஒருத்தி, "அவுக மூணு தடவ கொட்டாவி விட்டாக, நான் 333 கட்டியிருக்கேன்" என்றாள்.

"இருக்கறதே ஆயிரம் நம்பருதான். நீங்க இத்தன பேரு, ஆளுக்கு நாலஞ்சு நம்பரு எடுத்து, தினம் தினம் கட்டுறீங்க. இதுல ஒண்ணு விழாம இருந்தாத்தான் அதிசயம். எங்கப்பா வேணாம், அந்தா வேப்பமரத்துல கட்டிக் கெடக்குற ஆட்டுக்குட்டி கத்துறத எண்ணிக் கட்டுனாலும் யாருக்காச்சும் விழும்."

"எனக்கு விழுந்துச்சே டீச்சர்."

"விழுந்துச்சு, மாலையோட வந்தீங்க. விழாதவுக யாராச்சும் மாலையோட வந்தாகளா? வந்திருந்தா இந்தத் தெரு கொள்ளாது."

ரத்தினவேல் தலையைச் சொறிந்தான். ஆட்டுக்குட்டியை ஒருவன் திரும்பிப் பார்த்தான். அதை நான் கவனித்தேன்.

கார் வரும்வரை அவள் வேப்பமரத்தடியில் என் பக்கம் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ வேறு.

"எனக்கு ஒரு நம்பருதான் ஆத்தா தள்ளிப்போச்சு. நாப்பதுன்னாக, நாப்பத்தொண்ணு விழுந்துச்சு."

அவளுக்கு அழுகை வந்ததா, கோபம் வந்ததா தெரியவில்லை. அப்புறம் பிள்ளைகளுக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"சித்தப்பா, அதுல பக்கம்னு ஒண்ணு கெடையாது. நாப்பத்தொண்ணு விழுந்தா நாப்பதும் தப்புதான், எழுநூத்தி ஆறும் அதே தப்புதான். நேத்து விழுந்தது என்னன்னு இன்னைக்கு விழுறதுக்குத் தெரியாது."

"யாரு எடுக்குறா?"

"யாரும் எடுக்கல. மெஷினு சுத்துது. நிக்கிற எடத்துல நிக்குது."

"உள்ள திருடன் ஒருத்தன் ஒக்காந்திருக்கான்னு சொல்லு, நம்புறேன். சாமி ஒக்காந்திருக்குன்னாகூட பாதி நம்புவேன். உள்ள ஒருத்தருமே இல்லேன்னா அத எப்படி நம்புறது?"

"சரி, யாரோ ஒருத்தரு இருக்காருன்னே வச்சுக்குங்க. அவருக்கு எங்கப்பாவத் தெரியுமா? தூங்குற மனுசன எழுப்பி அவரக் கேக்கச் சொன்னாரா?"



கார் வந்தது. அண்ணனைப் பின் சீட்டில் உட்காரவைத்தோம். நெற்றியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை நான் சரிசெய்யப் போனேன். என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, எரிச்சல் இல்லாத குரலில் சொன்னார். "நெறஞ்சுபோச்சுங்க. பின்னாடியே ஒரு வண்டி வருது, அதுல வாங்க."

பஸ் நிறைந்துவிட்டால் நிற்கிறவர்களிடம் எந்தக் கண்டக்டரும் சொல்வதுதான். அவர் சொன்னால் அது உண்மையாக இருக்கும், அடுத்த வண்டி வரும் என்பார்கள். நான் "சரிங்க" என்றேன். மணிமேகலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார் நகர்ந்தது. சொர்ணவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"பின்னாடி ஒரு வண்டின்னா என்ன நம்பரு மாமா?" என்று ரத்தினவேல் என்னைத்தான் கேட்டான். மற்றவர்களும் நெருங்கி வந்தார்கள். மணிமேகலை சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்ற அதே ஆட்கள்தான். அவர்களை நான் என்ன சொல்லித் திட்டுவது? அவர்களில் ஒருவனும் என் அண்ணன் வேட்டி அவிழ்ந்து நின்றபோது வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. நான்தான் நின்றேன்.

பேசாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்மாய்ப் பக்கமாக நடந்தேன். பின்னால் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். நான் நிற்கவில்லை. இனி அந்தக் கடைப் படியை மிதிக்கமாட்டேன். அது வேறு. ஆனால் பக்கம் என்று ஒன்று கிடையாது என்று அவள் சொன்னாளே, அதை நடந்துகொண்டே யோசித்துப் பார்த்தேன். குளத்தூருக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கினவன் குளத்தூருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான். புதுக்கோட்டையில் நிற்கிறவனும் அவனும் ஒன்றா? படித்த பிள்ளை சொல்கிறது, சொல்லட்டும். எனக்கு ஏறவில்லை.